அப்பாவின் காபி இயந்திரத்தில் வந்த கோளாறுகள்

மார்ச் 14, வியாழன்.

இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். காபி இயந்திரத்தின் வடிப்புப் பகுதியைக் காலையில் கழற்றிக் கழுவினேன். திரும்பப் பொருத்தும்போது 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். கடைக்கு நேரமாகிவிட்டதால் அழுத்தாமல் விட்டுவிட்டேன். பக்கக் கதவு மூடிக்கொண்டது, அதனால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா பொத்தானை அழுத்தியபோது சிவப்பு விளக்குதான் எரிந்திருக்கிறது. மாலையில் நான் வீடு திரும்பியபோது, சமையலறை நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான்தாம்மா ஏதோ பண்ணிட்டேன் போல. என்ன பண்ணேன்னு ஞாபகம் வரல."

கதவைத் திறந்து அழுத்தினேன். டக். "பரவால்லப்பா, விடுங்க," என்றேன்.

இது ஒன்றுதான் தவறு. இதற்கு முன் அந்த இயந்திரத்தில் வந்த கோளாறுகள் தவறால் வந்தவை அல்ல. அவற்றை நான் வரவழைத்தேன். மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் கீழ்த்தளத்து டெய்லரக்கா என்னை நிறுத்தி அதைத்தான் கேட்டார். இல்லை என்று சொன்னேன். சொன்ன விதம் சரியாக இருந்ததா, கண்ணைப் பார்த்துச் சொன்னேனா என்ற யோசனையில் வாத்தியார் இன்று நடத்தியது எதுவும் தலையில் ஏறவில்லை. அதனால் உண்மையான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். காரணத்தையும் எழுதுகிறேன். காரணத்தைக் கேட்காமல் என்னைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அப்பா பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எப்போது தாண்டும் என்பதைக் காகிதம் பார்க்காமல் சொல்வார். ஓட்டுநர்கள் அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். "கடிகாரம் லேட்டுன்னு சொன்னா சூரியன்தான் சீக்கிரம் வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார்கள். ஓய்வுபெற்ற நாளில், கடிகாரத்துக்கே கடிகாரம் கொடுப்பதா என்று எல்லாரும் கூடிப் பேசி, காபி இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். மேலே கொட்டையைப் போட்டால் அதுவே அரைத்து, அதுவே வடித்து, கோப்பையில் தந்துவிடும். அப்பாவுக்கு அது இன்னொரு வண்டி. காலையில் அதன் முன்னால் நின்று, "எடுத்துட்டான், கிளம்பிட்டான், வந்துட்டான்," என்று சொல்லிக்கொண்டே கோப்பையை எடுப்பார்.

அம்மா இல்லை. வீட்டில் நானும் அவரும்தான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், மாலையில் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். வகுப்பில் எனக்குக் கை கொஞ்சம் மெதுவென்று வாத்தியார் சொல்வார், அது உண்மைதான். ஆனால் முறையாகச் செய்வேன். அவர் சொல்லிக்கொடுத்த முறை இரண்டே வாக்கியம். "மெஷினத் திறக்கறதுக்கு முன்னாடி ஆளக் கேளு, பாதிக் கோளாறு ஆளுகிட்டதான் இருக்கும். அப்புறம், ஒரு நேரத்துல ஒண்ணதான் மாத்தணும், மாத்திட்டுப் பொறுத்துப் பாக்கணும்."

டெய்லரக்காவின் கடை எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கணவரை இழந்தவர். பட்டன் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போன அப்பா, நாளாக நாளாகப் பட்டன் நன்றாக இருக்கிற சட்டைகளையும் கொண்டுபோக ஆரம்பித்தார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் இருவரும் சேர்ந்து மேலே வந்தார்கள். அப்பா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கோப்பையின் காதைத் திருகிக்கொண்டே பேசினார்.

"கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம்மா. எளிமையா. நான் அவங்க வீட்டுக்கே போயிடறேன். இந்த வீடு உனக்கு. உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"எனக்கென்னப்பா வருத்தம்."

"மெஷினையும் இங்கயே விட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன்," என்றார் டெய்லரக்கா. "அதுகிட்ட பேசற பேச்சுல கால்வாசிகூட எங்கிட்ட பேசறதில்ல உங்கப்பா. சக்களத்தியோட குடும்பம் நடத்த என்னால ஆகாது."

அப்பா அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன். அப்போது எனக்குப் பட்ட முதல் பிரச்சினை, இவ்வளவு நாள் அக்கா என்று கூப்பிட்டவரை இனி எப்படிக் கூப்பிடுவது என்பதுதான். இரண்டாவது, அப்பாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பது. மாத்திரை எப்போது போடுவார், எந்தக் காயை ஒதுக்குவார், எந்தத் தலையணை வேண்டும் என்று எதுவும் தெரியாமல் ஒருவர் ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு போவதை நான் எப்படி அனுமதிப்பது? உறையைப் பிரிக்காமல் ஒரு பொருளை வாங்கிப் போவது மாதிரி அது.

அதனால் முறைப்படி ஆரம்பித்தேன்.

முதலில் தண்ணீர்த் தொட்டி. அதை மேலே கொஞ்சம் தூக்கி, அடியிலிருக்கும் வால்வில் உட்காராமல் விட்டால் போதும், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் தண்ணீர் இல்லை என்று விளக்கு எரியும். அப்பா தொட்டியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேத்து ரொப்பிட்டுச் சரியா வைக்கலையாப்பா?" என்று கேட்டேன். ஆளைக் கேட்பதுதான் முதல் படி. "வச்சேனே," என்றார். கொஞ்சம் கழித்து, "வச்சேன்னுதான் நினைக்கிறேன்," என்றார். அந்த வித்தியாசத்தை நான் கவனித்தேன்.

பொறுத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்ததை அவர் மறந்துவிட்டார். அடுத்தது அரவை. கொட்டை போடும் கிண்ணத்துக்குள் ஒரு திருகு உண்டு, இயந்திரம் அரைத்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் அதைத் திருப்ப வேண்டும். மிக நைசாக வைத்தேன். எத்தனை படி என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது, குறித்து வைத்திருக்கலாம். காபி சொட்டுச் சொட்டாக, மூக்கு ஒழுகுவது போல வந்தது. "இந்தத் திருகத் தொட்டீங்களா?" என்றேன். அவர் தொடவே இல்லை. ஆனாலும், "துடைக்கறப்ப கை பட்டிருக்குமோ," என்று அவரே எனக்கு ஒரு பதிலைத் தேடிக் கொடுத்தார். பொய் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு அதிகம் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நான் கேள்விகள்தான் கேட்டேன்.

பிறகு கொட்டைக் கிண்ணத்தில் அரைத்த தூளைக் கொட்டி வைத்தேன். அரைப்பான் அடைத்துக்கொண்டு உறுமியது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. அப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

"கொட்டை போடற எடத்துல தூளப் போட்டிருக்கேனேம்மா. அது தெரியாதா எனக்கு?"

"வயசானா வர்றதுதான்ப்பா."

"பணிமனைல யாருக்கும் சொல்லிடாத. கடிகாரம் நின்னுடுச்சும்பானுங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. அந்த வாரம் அவர் தன் பழைய வண்டிகளின் நேரங்களை வாய்க்குள் ஒப்பித்துப் பார்ப்பதைக் கேட்டேன். நடுவில் ஒரு நிறுத்தத்தில் தடுமாறினார், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார், திரும்ப அதே இடத்தில் தடுமாறினார். அங்கே நான் எதையும் தொடவில்லை. அதுவாகவே நடந்தது. அதாவது கோளாறு ஏற்கெனவே உள்ளே இருந்திருக்கிறது, நான் அதை வெளியே தெரிய வைத்தேன், அவ்வளவுதான். ஒரு நல்ல பழுதுபார்ப்பவர் செய்வதும் அதுதானே.

அப்போதும் அவர் அக்காவிடம் போவதை நிறுத்தவில்லை. பதிவு செய்யும் நாளைக் குறித்துவிட்டு, கல்யாணச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காபிக்கு வருவதாக ஏற்பாடு. இயந்திரத்தில் படியும் சுண்ணாம்பைக் கரைக்க ஒரு திரவம் இருக்கிறது. வேலை முடிந்ததும் தொட்டியை நன்றாக அலசிவிட வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். அன்று நான் திரவத்தைத் தொட்டியில் ஊற்றி, அலசாமல், அப்படியே விட்டேன். முதலில் நானே ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாக்கு சுரீரென்றது, ஆனால் ஆள் சாகாது. என்னைப் பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்பா புதுத் துண்டால் கோப்பையைத் துடைத்து, "எடுத்துட்டான், கிளம்பிட்டான்," என்று சொல்லி, முதல் கோப்பையை அக்காவிடம் நீட்டினார். அக்கா ஒரு வாய் நிறையக் குடித்தார். கழுவும் தொட்டியில் ஓடித் துப்பினார், பிறகு வாந்தி எடுத்தார். உதடு சிவந்துவிட்டது. நான் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "அப்பா, சுண்ணாம்பு மருந்த ஊத்தி வச்சிருக்கீங்க. மேல இருந்து எடுத்து ஊத்திட்டு மறந்துட்டீங்களா?" என்றேன்.

அவர் மறுக்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்களக் கொன்னிருப்பேனே," என்று அக்காவிடம் சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் அவரே கீழே போய்க் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். தன் மூளையை நம்பி இன்னொருத்தி வாழ்க்கையை வைக்க முடியாது என்றாராம். மேலே வந்ததும் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். "நீயே வச்சுக்கம்மா. எங்கயாவது தொலைச்சுடுவேன்." அதன் பிறகு அவர் தனியாக வெளியே போவதில்லை. நான் கேட்காமல் நடந்தது இது.

இன்று படிக்கட்டில் அக்கா கழுத்தில் அளவுநாடாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"அந்த மருந்து பாட்டில் எங்க இருந்துச்சு?"

"அலமாரியோட மேல் தட்டுல. ஏன்க்கா?"

"சட்டைக்கு அளவெடுத்தேன் பாத்தியா. உங்கப்பாவுக்கு ரெண்டு கையும் தோளுக்கு மேல போகல. அக்குள் அளவெடுக்க நான்தான் கையத் தூக்கிப் பிடிச்சேன். வலிக்குதுன்னு கண்ண மூடிக்கிட்டாரு. அந்த மனுசன் மேல் தட்டுல இருந்து எப்படி எடுத்தாரு?"

அப்பாவின் தோள் அப்படி ஆகியிருப்பது எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் அவர் சொல்லவில்லை. மேலே இருந்து எடுத்ததாகச் சொன்னதையும் தவறுகளில் சேர்க்க வேண்டுமோ என்று தோன்றுகிறது. அப்படியானால் மொத்தம் இரண்டு.

"ஸ்டூல் போட்டிருப்பாரு," என்றேன்.

"ஸ்டூல் போடறவரு ஸ்டூல் மேல ஏறணுமில்ல, அதுக்கும் மேல எதையாவது எட்டிப் பிடிக்கணும். நீதானே பண்ண?"

"இல்ல."

அக்கா கழுத்திலிருந்த அளவுநாடாவை எடுத்துச் சுருட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமேடி, நான் பாட்டுக்கு ஒதுங்கியிருப்பேன். அவரப் போய் இப்படி உக்கார வச்சிட்டியே. நாளைக்குச் சாயங்காலம் மேல வருவேன். அதுக்குள்ள நீயே அவருகிட்ட சொல்லிடு. சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

'டி' போட்டுக் கூப்பிட்டார். அம்மாவுக்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆக, பதில் ஆம். நான்தான் செய்தேன். தொட்டி, அரவை, தூள், திரவம் எல்லாமே நான். அதற்காக வருந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அப்பா இன்று எப்படி இருக்கிறார் என்று வந்து பார்க்கட்டும். சட்டை இஸ்திரி போட்டிருக்கிறது. மாத்திரை நேரத்துக்குப் போகிறது. எங்கே போனார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "நீ இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்," என்று சொன்னார். அக்காவோடு போயிருந்தால் இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் சொல்லியிருப்பாரா?

மகளின் பேச்சா, தையல்காரியின் பேச்சா என்று வந்தால் அப்பா குழம்புவார். பாவம், குழப்பம்தான் அவருக்கு ஆகாது. மறதி நோய்தான் என்று மூன்றாவதாக ஒருவர் சொல்லிவிட்டால் குழப்பம் இருக்காது.

நாளை செய்ய வேண்டியது: கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, காலையிலேயே அப்பாவை நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போவது. அறிகுறிகளை நானே சொல்வது. அப்பாவுக்கு எதுவும் சரியாக நினைவிருக்காது.