'நீங்க' என்ற சொல் வந்து சேர்ந்த கதை

கதிரறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே, வெற்றிலைப் பையைச் சுருட்டி வைத்துக் காது கொடுத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் தாய்மார்களே, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பீடியை மறைக்கும் தம்பிமார்களே, பழங்காநத்தத்திலிருந்து பஸ் பிடித்து வந்த இந்தத் தமிழாசிரியை வசுந்தராவின் வணக்கம் உங்கள் அத்தனை பேருக்கும்.

வென்றார் பாண்டியம்மாள்! காலனித் தெருவில் பிறந்தவர், காலமெல்லாம் பிறர் வயலில் களை பறித்தவர், பெண்களுக்கென்று விட்ட பொதுத்தொகுதியில் துணிந்து நின்றவர், இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில் ஆலங்கரைப்பட்டி ஊராட்சியின் தலைவர். இந்த ஊர் கண்டதுண்டா இப்படியொரு வெற்றி? இந்த மண் கேட்டதுண்டா இப்படியொரு செய்தி? தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்.

ஆனால் எனக்கு ஒரு குறுகுறுப்பு. காலனி ஓட்டு மொத்தமும் விழுந்தாலும் இவர் ஜெயித்திருக்க முடியாதே. மீதி ஓட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது? எந்த வீட்டிலிருந்து வந்தது? எந்தக் கை குத்திய முத்திரை அது? காலையிலேயே வந்து டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தேன். "ஓட்டுப் போட்டீங்களாண்ணே?" என்றேன். "போட்டாச்சு" என்றார் ஒருவர். யாருக்கு என்றேன். "போட வேண்டியவுகளுக்குப் போட்டாச்சு டீச்சர்." முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவள் நான். 'ஆச்சு' என்ற சொல்லுக்குப் பின்னால் இம்புட்டுப் பேர் ஒளிந்துகொள்ளலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. என்னம்மா சிரிப்பு அங்கே? உங்கள் வீட்டிலும் இதே பதில்தானா?

தலைவரையும் ஊர் இந்தச் சொல்லை வைத்தேதான் சமாளித்து வந்திருக்கிறது. தேர்தல் வரைக்கும், "ஏ பாண்டி, இங்க வா." ஜெயித்த பிறகு 'வா' என்று சொல்ல நாக்குக் கூசுகிறது, 'வாங்க' என்று சொல்ல நாக்கு வளையவில்லை. ஆகவே, "வந்தாச்சா? சாப்பிட்டாச்சா? கெளம்பியாச்சா?" அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. இதற்குக் கோபப்படுவதா? எனக்கு ஆசைதான் வந்தது. பழைய சொல் போய்விட்டதே, அந்த இடத்துக்குப் புதிய சொல் வருமா, வராதா?

முதல் கூட்டத்தில் அது தெரிந்துபோனது. மேலத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடத் தீர்மானம். அந்தத் தெருக்காரர், துணைத்தலைவர் சின்னச்சாமி அண்ணன், இதோ மேடையில்தான் இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன், தாளைத் தலைவர் முன்னால் வைத்து, "கையெழுத்துப் போட்டாச்சுன்னா வேலைய ஆரம்பிச்சிரலாம்" என்றார்.

பாண்டியம்மாள் பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து, "யாரு போடணும்ணே?" என்று கேட்டார்.

உறுப்பினர்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து போயிருந்தால் அன்றைக்குக் கூட்டம் கலைந்திருக்கும். ஐந்து வருடமும் அப்படியே கலைந்து போயிருக்கும். குழாயும் கிடையாது, ஊராட்சியும் கிடையாது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு, "நீங்கதான்" என்றார். "நீங்கதான் போடணும்."

அண்ணன் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று நான் கேட்கப் போவதில்லை. அது அவருக்கும் பெட்டிக்கும் தெரிந்தால் போதும். ஆனால் அந்த நிமிடத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று தலைவரிடம் சற்றுமுன் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"கேட்டது நாந்தான் டீச்சர். ஆனா அவரு நீங்கன்னு சொன்னதும், யாரச் சொல்றாருன்னு பின்னால திரும்பிப் பாத்துட்டேன்."

கேட்டீர்களா தாய்மார்களே? நாற்பது வருடம் மேலத்தெருவிலிருந்து ஒரு 'நீங்க' கேட்டறியாத காது அது. வேறு யாருக்கோ வந்த மரியாதை என்று நினைத்துவிட்டது.

எனக்கு வாய்ப்பளித்த ஊராருக்கு நன்றி சொல்லி ஒலிவாங்கியை ஒப்படைக்கிறேன். பாண்டியம்மாள் அவர்களே, பின்னால் யாரும் இல்லை. உங்களைத்தான் கூப்பிடுகிறோம். வாருங்கள், வந்து பேசுங்கள். வணக்கம்.