வெறும் குழாயில் ஒரு கோடு

ஆய்வாளர்: என் குழாய் அழுக்குன்னு இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க.

தொலைநோக்கிக்காரர்: அழுக்குன்னு சொல்லல. சுத்தமா இல்லன்னுதான்…

ஆய்வாளர்: ரெண்டும் ஒண்ணுதான்.

எதிர் அறை அக்கா: உள்ள வரலாமா? சத்தம் படிக்கட்டு வரைக்கும் வருது. நான் ஒண்ணும் ஒட்டுக்கேக்கல.

தொலைநோக்கிக்காரர்: வாங்கக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்க. இவங்க ஒரு மூலக்கூறை வாயுவாக்கி இந்தக் கண்ணாடிக் குழாய்ல அடைச்சு, இந்த வாரம் ரேடியோ அலையை விட்டுப் பாத்தாங்க. பதினோரு கோடு வந்துச்சு.

அக்கா: யாரு போட்ட கோடு?

ஆய்வாளர்: மூலக்கூறுதான்க்கா. ஒவ்வொண்ணும் தனக்குப் பிடிச்ச அலைகளை மட்டும் விழுங்கும். விழுங்கின இடம் திரையில கோடாத் தெரியும். அதே கோடெல்லாம் விண்வெளி மேகத்துலயும் தெரிஞ்சா, அந்த மூலக்கூறு அங்கயும் இருக்குன்னு அர்த்தம்.

தொலைநோக்கிக்காரர்: என் தொலைநோக்கியில பத்து கிடைச்சாச்சு.

ஆய்வாளர்: பதினொண்ணாவது இல்லையே. ஒண்ணு குறைஞ்சாலும் ஆள் வேற. சாயங்காலம் துறைத் தலைவர் முன்னாடி என்னன்னு சொல்றது? ரெண்டு வருஷ வேலை குப்பைக்குத்தான்.

அக்கா: பத்து பொருந்தினா போதாதா? நான் கட்டிக்கிட்டவர்கிட்ட ரெண்டுகூடப் பொருந்தல.

ஆய்வாளர்: சிரிக்க வைக்காதீங்கக்கா. அழற நிலைமையில இருக்கேன்.

தொலைநோக்கிக்காரர்: வாயுவை வெளியேத்திட்டு வெறும் குழாயை ஒரு தடவை பாத்தா என்ன குறைஞ்சுடும்?

ஆய்வாளர்: மரியாதை குறையும். …சரி, பம்பைப் போடுங்க.

அக்கா: என்னடி இது, இப்படி உறுமுது…

ஆய்வாளர்: இருங்க… வாயு போயாச்சு. பத்து கோடும் போயாச்சு. இது ஒண்ணு மட்டும் அப்படியே நிக்குது.

அக்கா: விருந்து முடிஞ்சும் எழுந்திருக்காத ஆள் மாதிரி.

ஆய்வாளர்: இது ஸ்பிரிட்டோட கோடு. யாரோ குழாயை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்காங்க, அது கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்குது.

அக்கா: தம்பி ஏன் ஜன்னலைப் பாக்கறீங்க?

தொலைநோக்கிக்காரர்: ஞாயித்துக்கிழமை… குழாய் கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சுது. ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு…

ஆய்வாளர்: அழுக்காக்கினதும் நீங்க, அழுக்குன்னு சொன்னதும் நீங்க.

தொலைநோக்கிக்காரர்: சுத்தமா இல்லன்னுதான் சொன்னேன். அது கிடக்கட்டும், மிச்சம் பத்தும் பொருந்துதுல்ல?

ஆய்வாளர்: பொருந்துது. …நிஜமாவே அங்க இருக்கு.

அக்கா: நல்லா இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை இந்த அறை பூட்டு. சாவி இவகிட்ட. தம்பி எந்த வழியா வந்தீங்க?

தொலைநோக்கிக்காரர்: வீட்டுல ஆணியில மாட்டியிருந்துச்சு, எடுத்துட்டு…

அக்கா: யார் வீட்டுல?

தொலைநோக்கிக்காரர்: எங்க…

அக்கா: எங்கன்னா? இவளை என் கொழுந்தனுக்குக் கேக்கப்போறேன்னு பாதித் தெருவுக்குச் சொல்லி வெச்சிருக்கேனே.

ஆய்வாளர்: கொழுந்தனுக்கு வேற இடம் பாருங்கக்கா. எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஏழு மாசம் ஆச்சு. புருஷன் வானத்துல பாத்ததும் பொண்டாட்டி இங்க அளந்ததும் அச்சு அசலாப் பொருந்துதுன்னா, யார் நம்புவா? அதான் மூச்சு விடல. அடுத்த மாசம் அவரோட தொலைநோக்கி இருக்கற மலைக்கே குடி போறோம்… சாயங்காலம் வரைக்குமாவது நீங்க வாயைத் திறக்காம இருப்பீங்களா?