இறக்கத்துக்கு முன்னால

அந்த நாற்காலிய ரொம்ப நாளா வச்சிருந்தீங்களாக்கா? பச்சைத் துணி போட்டது, நேத்து எங்க வண்டி ஏறி நசுக்கிச்சே, அதைத்தான் கேக்கறேன். பரவாயில்லன்னு நீங்க நேத்தே சொல்லிட்டீங்க, எனக்குத்தான் மனசு கேக்கல. இந்தாங்க, பூசணிக்கா ரொட்டி. காலைல சுட்டது, இன்னும் சூடு ஆறல. துணியோடயே மடியில வச்சுக்குங்க. இப்ப வெட்ட வேணாம். சூட்டோட வெட்டினா உதிர்ந்துடும்.

ஐயோ, இருக்கிற ஒரு நாற்காலியையும் எனக்குக் கொடுத்துட்டு நீங்க எங்க உக்காருவீங்க. நான் உங்க வேன் படியிலேயே உக்காந்துக்கறேன். இங்கேருந்து எங்க ட்ரெயிலர் வீடு நல்லாத் தெரியுது. அது போதும் எனக்கு.

ஆமா, இன்னைக்கே கிளம்பறோம். பதினாலு நாள் முடிஞ்சிருச்சே. சர்க்கார் நிலம், சும்மா தங்கிக்கலாம், ஆனா அதுக்கு மேல இருந்தா காவலர் ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்து கதவத் தட்டிருவாரு. வெளிய நீட்டியிருந்த பக்கவாட்டு அறைய வீட்டுக்குள்ள இழுத்தாச்சு. அலமாரிக்கெல்லாம் கயிறு கட்டியாச்சு. ட்ரக்கோட பின் கொக்கியில ட்ரெயிலர மாட்டியாச்சு. மலை இறங்கி, கீழ ஊரத் தாண்டி, அப்படியே யூமா ஊருக்கு. எங்க வீட்டுக்காரரு வெஸ்லிக்கு அங்க ட்ரெயிலர்க்காரங்க தங்கற பார்க்குல வேலை கிடைச்சிருக்கு. குழாய், கரண்டு ரிப்பேர் பாக்கணும், எங்க வீட்ட நிறுத்திக்க இடம் சும்மா. திங்கக்கிழமை போய் நிக்கணும்.

அந்த மலை இறக்கத்த நினைச்சாத்தான்க்கா பயமா இருக்கு. நீங்க லாரி ஓட்டின காலத்துல அந்த வழியா இறங்கியிருக்கீங்களா? அப்படியா. பனி கொட்டறப்பயா? அம்மாடி. பிரேக் பிடிக்காத வண்டி ஏறி நிக்கிறதுக்குன்னு ஓரத்துல சரளையக் கொட்டி ஒரு பாதை போட்டு வச்சிருக்காங்களாமே. யாராவது ஏறி நின்னு பாத்திருக்கீங்களா? சரி, சொல்ல வேணாம், விடுங்க.

அவரா? எதையோ தேடறாரு. எதையாவது தேடாம அவருக்கு ஒரு நாளும் விடியாது. பாருங்க, ட்ரக் சீட்டுக்கு அடியில தலைய விட்டுட்டாரு. தேடட்டும்.

இல்லக்கா, இந்த வாழ்க்கையில எனக்கு ஒரு குறையும் இல்ல. எங்கம்மாதான் இன்னும் நெப்ராஸ்காவுலேருந்து ஃபோன் பண்ணும்போதெல்லாம், எப்படி இருக்கீங்கன்னு கேக்க மாட்டாங்க, எங்க இருக்கீங்கன்னு கேப்பாங்க, நாங்க ஏதோ போலீசுக்குப் பயந்து ஓடற மாதிரி. வெஸ்லி முன்னாடி கரண்டுக் கம்பி இழுக்கற கம்பெனியில இருந்தாரு. எங்க புயல் அடிச்சாலும் அங்க அனுப்பிடுவாங்க. மூத்தவ ஹேட்டி குழந்தையா இருந்தப்ப அப்பா எங்கன்னு கேட்டா ஃபோனைக் காட்டுவா. அதுக்காகத்தான் வீட்ட வித்துட்டு இத வாங்கினோம். இப்ப நாலு பேரும் ஒரே மேசையில சாப்பிடறோம். அதே மேசையில ஹேட்டிக்குப் பாடம், அதே மேசைய மடக்கினா ஓட்டிஸுக்குப் படுக்கை. ஓட்டிஸுக்கு நாலு வயசு, வீடுன்னா சக்கரம் இருக்கும்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கான். எங்கம்மா வீட்டுக்குப் போனப்ப சுத்திச் சுத்தி வந்து, சக்கரத்த யாரு கழட்டிட்டுப் போனாங்கன்னு கேட்டான்.

கஷ்டம் இல்லாம இருக்குமா. ரெண்டு லோட்டாத் தண்ணியில நாலு தட்டு கழுவணும். கழிவுத் தொட்டி நிறைஞ்சா நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம் மூக்கப் பொத்திக்கிட்டு நிப்போம். புருஷன்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போகலாம்னா கட்டில் வரைக்கும்தான் போக முடியும். அழணும்னு தோணுச்சுன்னா குளிக்கிற இடத்துல போய் நின்னுக்கணும், அதுவும் தண்ணியத் திறந்து விடாம, ஏன்னா தண்ணிய வீணாக்கக் கூடாது.

சிரிக்காதீங்கக்கா. இந்த ஒரு மாசமா நான் அங்க அடிக்கடி நிக்கிறேன்.

ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன். காப்பி இருந்தா கொடுங்க. சர்க்கரை வேணாம்.

காப்பின்னதும் ஞாபகம் வருது. போன மாசம் நியூ மெக்சிகோ பக்கம் வந்துக்கிட்டிருந்தோம். ரோடு நேரா, காலியா, ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல. அவர் ஒரு கையில காப்பிய வச்சுக்கிட்டு ஓட்டினாரு. கொதிக்கக் கொதிக்க நான்தான் ஊத்திக் கொடுத்தேன். அது மெல்லச் சாயுது. சாஞ்சு, தொடையில ஊத்துது. ஆவி பறக்குது அக்கா, பேண்ட்டுலேருந்து. அவர் அசையல. கண்ணு திறந்துதான் இருக்கு, ரோட்டத்தான் பாக்குது. வெஸ்லின்னேன். வெஸ்லி, வெஸ்லின்னேன். வண்டி மஞ்சக் கோட்டத் தாண்டிப் போகுது. நான் பாஞ்சு ஸ்டியரிங்கப் பிடிச்சேன். அப்புறம் ஒரு மாதிரி கண்ணச் சிமிட்டிட்டு என்னப் பாத்து, பாட்ட ஏன் மாத்தினேன்னு கேட்டாரு. யாரும் பாட்ட மாத்தல. அந்தப் பாட்டு முடிஞ்சு அடுத்தது பாதி ஓடியிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் தொடை வெந்தது அவருக்கே தெரிஞ்சுது.

தூக்கம்தான்னாரு. ராத்திரி சரியாத் தூங்கலன்னாரு. நானும் தூக்கம்தான்னு வச்சுக்கிட்டேன். தூங்கறவன் கண்ணத் திறந்துக்கிட்டாத் தூங்குவான்?

ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லாம இருப்பேனா. சொன்னேன். கதவச் சாத்திட்டுச் சொன்னேன். அவர் கத்தல, அதுதான் எனக்குப் பயம். மெதுவா என்ன சொன்னார்னா, ஏய், டாக்டர் இத எழுதிட்டாருன்னா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போச்சுன்னா இந்த வீடு எங்க நிக்குதோ அங்கயே நின்னுரும். யூமா வேலையும் போச்சு. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டு மாடியில போய்ப் படுக்கலாமான்னு கேட்டாரு. நான் எந்திரிச்சுப் போய் மேசைய மடக்கி ஓட்டிஸுக்குப் படுக்கை போட்டேன்.

எனக்கு ஓட்டத் தெரிஞ்சா நான் ஏன்க்கா இப்படி உக்காந்திருக்கேன். டிராக்டர் ஓட்டியிருக்கேன், சோளக் காட்டுல. காரு ஓட்டுவேன், உங்க வேன் மாதிரி இருந்தாலும் ஓட்டிருவேன். ஒரு வீட்ட முதுகுல கட்டிக்கிட்டு மலை இறங்கத் தெரியாது. நம்ம மாதிரி வண்டியில வாழ்றவங்க எல்லார்கிட்டயும் அப்படித்தானே. வெளி வேலை அவரு, உள் வேலை நானு. அவர் ஓட்டுவாரு, நான் பின்னால நின்னு வாக்கிடாக்கியில வா, வா, நில்லுன்னு சொல்லுவேன். அத வேடிக்கை பாக்கறதுக்குன்னே எல்லாரும் நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவாங்க. ஊர்ல சினிமா இல்லாத குறைக்கு இது ஒண்ணு. எத்தன ஜோடி அதுல வாய்ச்சண்டை போட்டுப் பாத்திருக்கோம்.

நேத்தும் அதான். தண்ணி பிடிச்சுக்கிட்டு, கழிவுத் தொட்டியக் காலி பண்ணிட்டுத் திரும்பி வந்தோம். பின்னால எடுக்கும்போது பிள்ளைங்க வண்டிக்கிட்ட இருக்கக் கூடாது, அது எங்க வீட்டுச் சட்டம். அதான் ரெண்டு பேரையும் உங்ககிட்ட விட்டேன். ஹேட்டி உங்க நாயோட விளையாடப் போயிட்டா. ஓட்டிஸ் அந்தப் பச்சை நாற்காலியில காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தான், சினிமா பாக்க.

நான் அத நினைக்கக் கூடாதுன்னு பாக்கறேன். நீங்க உள்ளேருந்து, டேய், பிஸ்கட் வேணுமான்னு கேட்டீங்க பாருங்க. அவன் குதிச்சு ஓடினான். ஓடினதும் நாற்காலி கொஞ்சம் ஆடுச்சு. அந்த ஆட்டம் நிக்கறதுக்குள்ள எங்க வண்டி அது மேல ஏறிடுச்சு.

உங்க சத்தம் கேக்கலன்னா.

வேணாம்க்கா, தண்ணி வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.

அங்க பாருங்க, ஓட்டிஸையும் தேட விட்டுட்டாரு. பையன் படிக்கு அடியில தவழ்றான். ஹேட்டி மட்டும் தேடாம நிக்கிறா. அவளுக்குத் தெரியும்.

அவ எட்டு வயசுக்காரி மாதிரியா இருக்கா. அந்தக் காப்பி ஊத்தின அன்னைக்கு பின் சீட்டுல உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தா. அடுத்த நாள் வண்டி கிளம்பினதும் ஆரம்பிச்சா பாருங்க. அப்பா, ஒட்டகம் நீந்துமா? அப்பா, நிலாவுக்குப் போனவங்க எங்க ஒண்ணுக்குப் போவாங்க? அப்பா, முள்ளங்கிக்கு ஏன் அந்தப் பேரு? வழி பூராவும் வாய் மூடல. வெஸ்லி சிரிச்சுக்கிட்டு, ஏண்டி, உன் வாய்க்கு ஒரு பிரேக் வாங்கி மாட்டணும்னாரு. எனக்கே எரிச்சல் வந்துச்சு, கொஞ்சம் சும்மா வாடின்னு அதட்டினேன். பெட்ரோல் போட நிறுத்தின இடத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டு காதுல சொல்றா, அம்மா, அப்பா பதில் சொல்ற வரைக்கும் அப்பா இருக்காருன்னு அர்த்தம்.

அன்னைக்குத்தான் முதல் தடவையா நான் குளிக்கிற இடத்துல போய் நின்னேன்.

நேத்துச் சாயங்காலம் எல்லார்கிட்டயும் என்ன சொன்னேன்? நில்லுன்னு சொல்றதுக்குப் பதிலா வாய் தவறி வான்னு சொல்லிட்டேன்னேன். உங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன். பக்கத்துல நிக்கிற அந்த வெள்ளி நிற ட்ரெயிலர்க்காரரு, பொண்டாட்டிய நம்பி வண்டிய எடுத்தா இப்படித்தான்னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். வெஸ்லியும் நம்பிட்டாரு. சாப்பிடும்போதுகூட, ஓட்டிஸு, அம்மா வான்னா நின்னுக்கடா, நில்லுன்னா வாடான்னு கேலி பண்ணினாரு. நான் தட்டப் பாத்துக்கிட்டே சிரிச்சேன்.

நான் நில்லுன்னுதான்க்கா சொன்னேன். நல்லா, தெளிவா, திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில வாக்கிடாக்கியக் கீழ போட்டுட்டு வாயாலயே கத்தினேன். பக்கக் கண்ணாடியில அவர் முகம் தெரிஞ்சுது. என்னைத்தான் பாத்தாரு. அதே கண்ணு.

இதுல இன்னைக்கு அந்த இறக்கத்துல, பின்னால அவ்வளவு பெரிய வீட்ட மாட்டிக்கிட்டு, பின் சீட்டுல ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு. ஒரு கேள்விக்குப் பதில் வராமப் போற நேரம் போதும்ல.

என்ன தேடறாருன்னா? சாவிதான். ட்ரக் சாவி. இல்ல, இன்னொண்ணும் கிடைக்காது, ரெண்டையும் காலைலயே எடுத்துட்டேன். உங்க மடியில, ரொட்டிக்கு அடியில, துணி மடிப்புல இருக்கு. தடவிப் பாருங்க. அதான் வெட்ட வேணாம்னேன்.

எந்திரிக்காதீங்க. அவர் இந்தப் பக்கம்தான் வர்றாரு. நிமிந்து பாக்காம நான் சொல்றத மட்டும் கேளுங்க. அவர் கேட்டா கொடுக்காதீங்க. என் மேல கோவப்படுவாரு, படட்டும். இத்தன வருஷம் லாரி ஓட்டினவங்க நீங்க, அந்த இறக்கம் உங்களுக்குத் தெரிஞ்ச இடம். எங்க வண்டிய நீங்க இறக்கிக் கொடுங்க. உங்க வேன நான் எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வர்றேன், அவரையும் உங்க நாயையும் என் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன், ஓட்டிஸையும் கூட்டிக்கறேன். யூமா வேணாம். கீழ ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு, அது வாசல்ல நிறுத்துங்க. அதுக்கு மேல வீடு எங்க நிக்குதோ நிக்கட்டும்.

ஹேட்டி மட்டும் ட்ரக்குலதான் வருவேன்னு அடம் பிடிப்பா. முன்னாடியே உக்கார வச்சுக்குங்க. ஒட்டகம் நீந்துமான்னு கேப்பா, இன்னும் என்னென்னமோ கேப்பா. தெரியலன்னாலும் ஏதாவது பதில் சொல்லிக்கிட்டே இறங்குங்கக்கா. ஒரு நிமிஷம் பேசாம இருந்துடாதீங்க.