எலுமிச்சம்பழ அளவு

"அந்த ஊர் எலுமிச்சம்பழம் மாங்காய் சைஸ்ல இருக்கும்னு நீங்களாவது யோசிச்சிருக்கக் கூடாதா?"

அல்வால் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இருந்த அம்மாள் கணவரிடம் கேட்டார். கணவர் கையில் போன் இருந்தது. மகன் இறந்து ஒரு வருடம் ஆகிறது என்பதும், முதல் நினைவு நாளுக்கு இத்தாலிக்கார மருமகள் அங்கே அவனுக்குப் பிடித்த ரசம் வைத்திருக்கிறாள் என்பதும் பேச்சிலிருந்து தெரிந்தது.

"எலுமிச்சம்பழ அளவு புளின்னு நீதானே சொன்னே. அதை அப்படியே இங்கிலீஷ்ல எழுதினேன். அவ நிஜமாவே ஒரு பழத்தைப் பக்கத்துல வச்சு அளந்திருக்கா. போட்டோ பாரு."

"ஐயோ, வாயில வச்சிருக்க முடியாதே!"

"ஒரு சொட்டு விடாம குடிச்சாளாம். அவன் ஆசை ஆசையா சொன்ன ருசி இதுதானேன்னு அழுதுகிட்டே குடிச்சாளாம்."

அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு போனை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"கடைசியில இத்தாலியன்ல என்னமோ போட்டிருக்காளே, அது என்ன?"

"அது... ஐ லவ் யூன்னு மாத்திக் காட்டுது. உனக்குத்தான்." அவர் குரல் தாழ்ந்தது. "என்ன பதில் போடட்டும்? அளவு தப்பாயிடுச்சுன்னு எழுதிடவா?"

"நக்கோ. எழுதாதீங்க."

லோத்குண்டாவில் இறங்க எழுந்த அம்மாள், கம்பியைப் பிடித்தபடி சொன்னார்:

"அடுத்த வருஷம் அவன் நாளுக்கு நானும் அதே அளவுதான் போடப்போறேன்."