மாப்பிள்ளைக்கு எந்த நிறக் கார்டு?

— வேண்டாம்னு நாலு தரம் சொல்லியாச்சு, வசந்தி. அதாவது, கையில எடுத்தா கனமே இல்லாத ஒரு அட்டை. இதைப் போய் மாப்பிள்ளை சீர்னு தட்டுல வெப்பியா?

— வெப்பேன். வெத்தலை பாக்கு, மாம்பழம், நடுவுல இந்த அட்டை. நாளைக்கு ஜமாய் ஷஷ்டி, ஞாபகம் இருக்கா? நமக்குத் தலை தீபாவளி மாதிரி வங்காளிகளுக்கு இது. மாமியார் கையால மாப்பிள்ளைக்கு மஞ்சள் நூல் கட்டி, விசிறியால விசிறி, விருந்து போடணும். எதிராத்து பௌதி, அதான் அந்த மன்னி, எல்லாம் விலாவாரியா சொல்லிக் குடுத்துட்டா.

— விருந்துக்கு இலிஷ் மீன் வேணும்னும் சொன்னாளே. அதுக்கு என்ன வழி?

— அதான் என்னால முடியாதே! வங்காளி மாப்பிள்ளைக்கு மீனுக்குப் பதிலா அவியல் பரிமாறப் போறேன். பரிசாவது மனசுக்குப் பிடிச்சதா இருக்க வேண்டாமா? அனிர்பானுக்கு வீடியோ கேம்னா உசிருன்னு நம்ம மஹிமா கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னா.

— ஒரு பஞ்சாபி ஜிப்பா எடுத்துக் குடு. கரியாஹாட்டுல நின்னுண்டு துணிக்கடைக்கா பஞ்சம்?

— மாஷிமா, கடைக்குள்ள வாங்க, ஏசி காத்து வெளிய போகுது. மேஷோ, நீங்களும் வாங்க. கார்டு தானே? காட்டறேன்.

— அட, மாமி மாமாங்கறதை மட்டும் வங்காளியில சொல்றே, நீ தமிழாம்மா?

— ஆமா மாஷிமா. பேரு அனுராதா. அப்பா ஹார்பர்ல வேலை, நான் பொறந்தது வளந்தது எல்லாம் இங்கே கிதிர்பூர்ல. தமிழ் கொஞ்சம் உடைஞ்சு உடைஞ்சு வரும், மன்னிச்சுக்குங்க. இதோ பாருங்க, நீலம், பச்சை, சிவப்பு. எது வேணும்?

— எது அழகா இருக்கோ அது குடு. தட்டுல வெக்கணும். பச்சை மங்களகரமா இருக்கும்.

— அரே பாபா, கலர் பாத்து வாங்கற சாமான் இல்ல மாஷிமா! மூணும் மூணு கம்பெனி. பின்னாடி சுரண்டினா ஒரு நம்பர் வரும். அந்த நம்பரை மெஷின்ல போட்டா, அந்தக் கம்பெனி நெட்ல வெச்சிருக்கற கடையில கேம் வாங்கலாம். நீல மெஷினுக்குப் பச்சைக் கார்டு போட்டா எடுக்காது.

— ஏன் எடுக்காது? மெட்ரோ கார்டை எந்த ஸ்டேஷன்ல வேணா தேய்ச்சுக்கலாமே.

— இது ஒரே ஒரு ஸ்டேஷன்ல மட்டும் தொறக்கற கார்டுன்னு வெச்சுக்குங்க.

— கேட்டியா வசந்தி? அதாவது, தப்பா வாங்கினா தண்டம். சரியாத்தான் வாங்கினோமான்னு தெரியறதுக்கும் வழி கிடையாது. போலாம் வா.

— இருங்கோன்னா. ஏம்மா, தப்பான கலர்னா திருப்பி எடுத்துப்பியோ?

— சுரண்டினப்பறம் ரிட்டர்ன் இல்ல. அப்பறம் இன்னொண்ணு, அவரோட கணக்கு இந்தியாவுல ஆரம்பிச்சதா, வெளிநாட்டுலயான்னு தெரியணும். வெளிநாட்டுக் கணக்குன்னா இந்தக் கார்டு செல்லாது.

— மாப்பிள்ளை பொறந்து வளந்த பெஹாலாவைத் தாண்டிப் போனது எங்காத்துப் பொண்ணைப் பாக்க சால்ட் லேக் வந்ததுக்குத்தான். அவர் கணக்கு எப்படி வெளிநாடாகும்?

— அவன் ஆபீஸ்ல சிங்கப்பூர் அனுப்பினாளே ஒரு தரம். யார் கண்டா? அங்கே ஆரம்பிச்சிருக்கலாம்.

— மாப்பிள்ளையை அவன் இவன்னு சொல்லாதேங்கோ, எத்தனை தடவை சொல்றது? உங்களுக்கு இன்னிக்கு என்னதான் ஆச்சு? பஸ்ல வரச்சே "அட்டை கனமில்லே"ன்னேள். வாசல்ல "பஞ்சாபி எடு"ன்னேள். இப்போ சிங்கப்பூருக்குப் போயிட்டேள்! ஆடிட் ஆபீஸ்ல ஊரார் கணக்குல முரண்பாடு கண்டுபிடிச்ச மனுஷர், உங்க பேச்சு ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணா இருக்கு.

— அதாவது... பையனுக்கு இப்பல்லாம் வேலை ஜாஸ்தி. விளையாட ஏது நேரம்?

— அதான் எனக்குத் தாங்கலே. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா அந்த கேம் பொட்டியைப் பையில போட்டு எடுத்துண்டு வருவார். நம்ம டிவியில மாட்டுவார். நீங்க ரெண்டு பேரும் கிரிக்கெட் ஆடி, "அவுட்டு, அவுட்டு"ன்னு கத்துவேள். கீழ் வீட்டுக்காரா மாடி ஏறி வருவா. இப்பவும் வரார், சாப்பிடறார், சிரிக்கறார். பொட்டி வரதில்லே. மத்தியானம் ஆச்சுன்னா கிளம்பிடறார். ஏன் தெரியுமா?

— ஏனாம்?

— டிவி சத்தம் காதைப் பொளக்கறதுன்னு நான் ஒரு நாள் வாய் தவறிச் சொன்னேன். அதை மனசுல வெச்சுண்டுட்டார். பெத்த பிள்ளை மாதிரி என்னை "மா"ன்னு கூப்பிடற மனுஷரை, நம்மாத்து ஹாலுக்கே வேத்தாளாக்கிட்டேன். இந்தக் கார்டைக் குடுத்தா, "இங்கயே உக்காந்து ஆடுங்கோ, எவ்வளவு வேணா கத்துங்கோ"ன்னு சொன்ன மாதிரி இருக்கும். அதுக்குத்தான் வந்தேன். போதுமா?

— மாஷிமா, கண்ணைத் தொடைச்சுக்குங்க. மெஷின் எப்படி இருக்கும்னு சொல்லுங்க, நான் கண்டுபிடிச்சுத் தரேன்.

— வெள்ளையா இருக்கும்மா. புஸ்தகத்தை நிக்க வெச்ச மாதிரி.

— வெள்ளைல ரெண்டு கம்பெனி இருக்கு. வேற ஏதாவது அடையாளம்?

— அடையாளமா? நான் வெச்ச சந்தனம் குங்குமம் இருக்கும், மாப்பிள்ளை அழிக்கலேன்னா. போன ஆயுத பூஜைக்கு எங்காத்துலதான் இருந்தது. மிக்ஸி, மாவு மிஷின், இவரோட ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் வெச்சேன். மாப்பிள்ளை பொட்டியை மட்டும் விட முடியுமா? மேலாக்க ஜன்னல் ஜன்னலா இருந்ததே, அங்கே நன்னாக் கரைச்ச சந்தனத்தை வழிய வழிய இட்டு, தீர்த்தமும் தெளிச்சு...

— மேலயா? மாஷிமா, அது சூடு வெளிய போற வழி...

— அம்மா அனுராதா! நீ பில்லைப் போடு. நீலமோ பச்சையோ, ஏதோ ஒண்ணு குடு. மூணுமே குடு!

— மூணுமா? இத்தனை நேரம் ஒண்ணே வேண்டாம்னேள்!

— வேண்டாம்னா வேணுங்கறே, வேணும்னா வேண்டாங்கறே. நாழியாறது, மழை வேற வரும் போல இருக்கு.

— எனக்கு ஒண்ணும் புரியலே. இருங்கோ, மாப்பிள்ளைகிட்டயே கேட்டுடறேன்.

— வேண்டாம் வசந்தி, ஆபீஸ்ல இருப்பான்.

— ரிங் போயாச்சு. ஹலோ, அனிர்பான்! நான்தான் மா பேசறேன். சாப்டேளா? சரி சரி. ஒண்ணுமில்லே, சும்மா ஒரு விஷயம். உங்க கேம் பொட்டி இருக்கே, அதுக்கு நீலமா பச்சையா? ... இல்லேயில்லே, பரிசெல்லாம் ஒண்ணும் வாங்கலே. ... நீலமா? ஆகட்டும். பொட்டி நன்னா இருக்கோல்லியோ? ... அப்படியா! தினமும் ஓடறதா! பின்னே ஏன் எங்காத்துக்கு எடுத்துண்டு வரதில்லே? ... என்னது? பை கிழிஞ்சு போச்சா? அடடா, சொல்லப்படாதோ! நான் தெச்சுக் குடுத்திருப்பேனே. நாளைக்கு வரச்சே அந்தப் பையை எடுத்துண்டு வாங்கோ. ஆமா, கிழிஞ்சதாவே எடுத்துண்டு வாங்கோ. வெச்சுடட்டுமா?

— நீலம்னு சொன்னாரா மாஷிமா?

— நீலமேதான். கேட்டேளா, என் மேல கோவமே இல்லே! பை கிழிஞ்சுடுத்தாம், அவ்வளவுதான். இதுக்குப் போய் நான் இத்தனை மாசமா ராத்தூக்கம் கெட்டு... ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறேள்?

— பை கிழியலே வசந்தி.

— பின்னே?

— பொட்டிதான் போயிடுத்து. ஆயுத பூஜை அன்னிக்கே. உன் சந்தனம் உள்ள இறங்கி.

— என் சந்தனமா?

— மாஷிமா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— தினமும் ஓடறதுன்னாரே. இப்போதானே சொன்னார். நல்லா இருக்கு மா, ரொம்ப நல்லா இருக்குன்னு...

— அப்படித்தான் சொல்லுவான். நானே ரிப்பேருக்கு எடுத்துண்டு போனேன், உள்ள எல்லாம் வெந்து போச்சுன்னுட்டா. புதுசு வாங்கித் தரேன்னேன். "வேண்டாம் பாபா, புதுசைப் பாத்தா பழசு என்னாச்சுன்னு மா கேப்பா. ஆசையா பூஜை பண்ணினா, அது தப்புன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா"ன்னான். மஹிமா வாயையும் அடைச்சுட்டான். என் தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிண்டான். டிவி சத்தமும் இல்லே, ஒண்ணும் இல்லே. இல்லாத பொட்டிக்குக் கார்டு வாங்கறியேன்னு தடுக்கப் பாத்தேன். நீ அந்த ஜன்னல் பக்கம் பேச்சை எடுத்ததும், இந்தப் பொண்ணு உண்மையை உடைச்சுடப் போறதேன்னு பயந்து, கார்டு போனாப் போறதுன்னு தோணித்து.

— மாப்பிள்ளை அழிக்கலேன்னா சந்தனம் இருக்கும்னு வேற சொல்லிண்டு இருந்தேனே...

— மாஷிமா, அப்போ கார்டு கேன்சல் பண்ணிடவா? மெஷின் இல்லாம நீலக் கார்டு எதுக்கு?

— பண்ணாதே. கலர் கேட்டுட்டு இப்போ வெறுங்கையோட நின்னா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். இங்கே பாருங்கோன்னா, பென்ஷன் அரியர்ஸ் வந்திருக்கே, என்ன பண்ணலாம்னு கேட்டேளே?

— கேட்டேன்.

— அனுராதா, நீலக் கார்டு நடக்கற பொட்டி ஒண்ணு, வெள்ளையாவே எடும்மா. பாவம், பை கிழிஞ்சு போன மனுஷர் அவா இப்போ இருக்கற நியூ டவுன்லேர்ந்து தூக்கிண்டு வர முடியுமா? நம்ம ஹால்லயே ஒண்ணு இருக்கட்டும்னு மாமனார் ஆசைப்பட்டார். எனக்கு வேற ஒண்ணுமே தெரியாது.