சூட்டுல பாக்குற அளவு

பூட்டல சார், கதவ நல்லா இழுங்க. எட்டு மாசமா யாரும் திறக்கல, ரப்பர் ஒட்டிக்கிட்டிருக்கு. ஆங், அவ்வளவுதான். உள்ள உக்காந்து பாருங்க. சீட்டெல்லாம் சுத்தமா இருக்கும். என் தங்கச்சி வண்டிக்குள்ள ஒரு பிஸ்கட் தூள் விழ விடமாட்டா.

ஆமா, இப்ப அவ பேர்லதான் இருக்கு. முன்னாடி அவ வீட்டுக்காரர் பேர்ல இருந்துச்சு. ஃபோன்ல உங்ககிட்ட என்ன சொன்னா? கியர்பாக்ஸ் போயிடுச்சு, எங்க அண்ணனே மெக்கானிக், அவரே பாத்துட்டுச் சொல்லிட்டாரு, பாதி விலைக்கு எடுத்துக்கங்கன்னா? ம். அப்படித்தான் சொல்லியிருப்பா. அவளுக்குத் தெரிஞ்சது அதான்.

நாளைக்கு இழுவை வண்டியோட வர்றவரு, கியர்பாக்ஸ் வேலை தெரிஞ்சவரா? பிரிக்கிறதுக்கு முன்னாடி ஆயில் பாப்பாரா? பாப்பாரு. தெரிஞ்சவர்னா முதல்ல அதைத்தான் பாப்பாரு. சரி. பாக்கட்டும்.

நிக்காதீங்க, அந்த ஸ்டூல இழுத்துக்கங்க. அவ பேப்பரோட வர்றேன்னு சொல்லியிருக்கா, இன்னும் அரை மணி ஆகும். டீ சொல்லவா? வேண்டாமா. சரி.

நீங்களும் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டறீங்களா? எவ்வளவு ஓடிருக்கு? எண்பதாயிரமா. கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினீங்களா? பாத்தீங்களா, எல்லாரும் இதேதான் சொல்றீங்க. புத்தகத்துல ஆயுள் முழுக்க மாத்த வேண்டாம்னு போட்டிருக்கான். யாரோட ஆயுள்னு போடல பாருங்க. கம்பெனிக்காரனப் பொறுத்தவரைக்கும் வாரண்டி முடிஞ்ச மறுநாளே வண்டிக்குக் காரியம் முடிஞ்சுது. அறுபதாயிரத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க. மலை ஏறுற வண்டி, பாரம் இழுக்குற வண்டின்னா நாப்பதாயிரம். ரெண்டாவது கியர்லேருந்து மூணாவது விழும்போது யாரோ முதுகுல தட்டுற மாதிரி இருக்கும். அது வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

இந்த வண்டியா? ஒரு லட்சத்து நாப்பதாயிரம். ஒரு தடவகூட மாத்தல. மாப்பிள்ளை பள்ளிக்கூடங்களுக்கு லேப் சாமான் சப்ளை பண்றவரு. பின்னாடி பூரா கண்ணாடிக் குடுவைங்க. மேட்டுல இருக்குற பள்ளிக்கூடமெல்லாம் அவருதான். குடுவை உடையாம ஓட்டணும், அதனால மெதுவாத்தான் ஓட்டுவாரு. ஆயில் மட்டும் மாத்த மாட்டாரு. எங்கிட்ட கொண்டு வந்து விட மாட்டாரு. மச்சான் ஷெட்டுல வண்டிய விட்டா ஆஸ்பத்திரியில சேத்த மாதிரி, எப்ப டிஸ்சார்ஜ்னு டாக்டருக்கே தெரியாதும்பாரு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். கோவமா இருந்துச்சான்னு இப்ப நெனச்சுப் பாக்கறேன். தெரியல.

தங்கச்சிதான் கட்டாயப்படுத்தி அனுப்பி வச்சா. நான் சொன்னேன், இத்தன நாள் மாத்தாத கியர்பாக்ஸ், பழைய தூள்லதான் பிடிச்சுக்கிட்டு ஓடுது, புது ஆயில் போய் கழுவி விட்டுட்டா வழுக்கினாலும் வழுக்கும், அப்புறம் என்னைச் சொல்லக்கூடாதுன்னு. எல்லார் முன்னாடியும் சொன்னேன். ரெண்டு தடவ.

இல்ல, உள்ள நல்லாத்தான் இருந்துச்சு. அடித்தட்டக் கழட்டினா அதுல ஒரு காந்தம் இருக்கும், இரும்புத் தூளப் பிடிக்கிறதுக்கு. மாவு மாதிரி சாம்பல் கலர்ல ஒட்டியிருந்தா தேய்மானம், பயமில்ல. ஊசி ஊசியா வந்தா முடிஞ்சுது. இதுல மாவுதான். மாப்பிள்ளைகிட்ட காட்டினேன். விரல்ல தொட்டுப் பாத்துட்டு என் சட்டையிலயே துடைச்சாரு.

மெஷின்ல கழுவுறவங்ககிட்ட போகாதீங்க. அழுத்தி அடிச்சா மூலையில கிடக்குற அழுக்கெல்லாம் கிளம்பி எங்கயாவது போய் அடைக்கும். போல்ட்டக் கழட்டி, தானா வடியற வரைக்கும் விடணும். அப்படி விட்டாலும் பாதிதான் வரும், மீதி மேல கன்வர்ட்டருக்குள்ள நிக்கும். பரவால்ல. ஃபில்டர் மாத்து, கேஸ்கெட் புதுசு போடு, ஊத்து, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டு, மறுபடியும் ஒரு தடவ வடி. இதுல அவசரமே கிடையாது. அவசரப்படுறவன் இந்த வேலைக்கே வரக்கூடாது. நானே சொல்றேன் பாருங்க.

கடைசியா அளவு. அதுலதான் எல்லாமே இருக்கு. பக்கத்துல ஒரு சின்னத் துளை இருக்கும், ஆயில் அது வரைக்கும் வந்து லேசா வழிஞ்சா அளவு சரி. ஆனா இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கும்போது பாக்கணும். ஒவ்வொரு கியரா போட்டு எடுத்து, சூடானப்புறம் பாக்கணும். ஆஃப் பண்ணிட்டுப் பாத்தா மேல இருக்குறதெல்லாம் கீழ இறங்கி வந்து உக்காந்துக்கும். துளையில வழியும். ஆகா நிறைஞ்சிடுச்சும்போம். இன்ஜின் ஓட ஆரம்பிச்சதும் பம்ப்பு மேல இழுத்துக்கும், கீழ பள்ளமா நிக்கும். சமதரையில ஓடும், ஒண்ணும் தெரியாது. மேட்டுல ஏறினா இருக்குற ஆயில் பின்னாடி ஒதுங்கிடும், பம்ப்புக்குக் காத்துதான் கிடைக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது.

ஆமா. மேட்டுலதான்.

மூணாவது வளைவுல நின்னுடுச்சு. பிரேக் பிடிச்சுது, ஹேண்ட்பிரேக் போட்டாரு, டயருக்குப் பின்னாடி கல்லு வச்சாரு. எல்லாம் சரியாத்தான் பண்ணினாரு. அப்புறம் ஆயில் ஒழுகுதான்னு பாக்கலாம்னு பின்னாடி போய்க் குனிஞ்சிருக்காரு. கீழேருந்து ஒரு பஸ் வந்திருக்கு. வளைவுல டிரைவருக்குத் தெரியல. வண்டிமேல படவே இல்ல, ஒதுக்கி வளைச்சுட்டான், ஓரமாக் குனிஞ்சிருந்தவர்மேலதான் பட்டுச்சு. அதான் வண்டியில உங்களுக்கு ஒரு கீறல்கூடத் தெரியல.

நீங்க எந்திரிக்க வேண்டாம் சார், உக்காருங்க. அவ இதைச் சொல்லலையா? வண்டி விக்கும்போது யாரு சொல்லுவா. குடுவை ஒண்ணுகூட உடையல. அடுத்த வாரம் நானே கொண்டு போய் அந்தப் பள்ளிக்கூடத்துல இறக்கினேன். எண்ணி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க.

இல்ல, என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லல. நான்தான் முன்னாடியே சொல்லியிருந்தேனே, திறந்தா போயிடும்னு. காரியத்துக்கு வந்தவங்கள்லாம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீ தலபாடா அடிச்சுக்கிட்ட, அவருதான் கேக்கலன்னாங்க. நான் தலையாட்டினேன். அழுகை வரல. அன்னைக்கும் வரல, அப்புறமும் வரல. சாப்பிடறேன், தூங்கறேன், வேலை பாக்கறேன். கை அதுபாட்டுக்குப் பாக்குது.

பாத்தேன். வண்டிய இழுத்துக்கிட்டு வந்து விட்ட அன்னைக்கே அளவப் பாத்தேன். ஷட்டர இறக்கிட்டு, இன்ஜின ஓடவிட்டு, சூடுபண்ணி, துளையத் திறந்தேன். ஒரு சொட்டு வரல. மூடி வச்சுட்டு வெளிய வந்தேன். பக்கத்துல எங்க வீட்டு வாசல்ல தங்கச்சி நின்னுக்கிட்டிருந்தா. கியர்பாக்ஸ் போயிடுச்சும்மான்னேன்.

அந்த அலமாரியில சிவப்பு மூடி போட்ட ரெண்டு கேன் இருக்கு பாருங்க. ஒவ்வொண்ணும் ஒரு லிட்டர். ஆயில் மாத்தின அன்னைக்கு வாங்கினதுல மிச்சம். வெளிய வந்த அளவு உள்ள போகலைன்னா ஏன்னு கேக்கணும். முப்பது வருஷமா மத்தவங்ககிட்ட கேட்டிருக்கேன். அன்னைக்கு மிச்சமாச்சுன்னு எடுத்து மேல வச்சேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி ஆறு வருஷம் இந்த ஷெட்டுல ஜாப் கார்டு எழுதினது அவதான் சார். கார்டுல கடைசி வரி, அளவு சூட்டுல பாத்தாச்சா. அதுக்கு டிக் விழாம யாருக்கும் சாவி குடுக்க மாட்டா, எங்கூட மல்லுக்கு நிப்பா. அன்னைக்கும் ஃபோன்ல கேட்டா. மாப்பிள்ளை மூணு மணிக்குள்ள பள்ளிக்கூடம் போகணும்னு சாவியச் சுத்திக்கிட்டு நிக்கறாரு, டிஸ்சார்ஜ் ஆகுமா ஆகாதான்னு கேக்கறாரு. அவ பேசறத ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. அண்ணா, சூட்டுல பாத்தியான்னா. நான் ம்ம்னேன். இன்ஜின் அன்னைக்கு ஓடவே இல்ல, அவரு பக்கத்துலயேதான் நின்னாரு, அவருக்குத் தெரியும். என்னைப் பாத்து சிரிச்சாரு. ரெண்டு பேரும் சேந்து அவகிட்டேருந்து தப்பிச்ச மாதிரி.

நாளைக்கு இழுவை வண்டி வேண்டாம்னு உங்க ஆளுகிட்ட சொல்லிடுங்க. கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல, அந்த ரெண்டு லிட்டர ஊத்திட்டா நீங்க ஓட்டிக்கிட்டே போகலாம். பாதி விலைக்குக் கேக்காதீங்க, முழு விலை வண்டி இது. ஏன் திடீர்னு விலை ஏறுதுன்னு அவ கேப்பா. நீங்க என்கிட்ட கை காட்டிடுங்க. நான் ரொம்பப் பேச வேண்டியிருக்காது. ரெண்டு லிட்டர் குறைவா இருந்துச்சும்மான்னு சொன்னா போதும். மீதி அவளுக்கே தெரியும்.