தோளில் இல்லாத பிளாஸ்திரி

—முதல்ல இந்த ஆரஞ்சு ஜூஸைக் குடிண்ணே. அப்புறம் பேசு.

—என்ன மிரான், லேப்ல இருந்து பஸ் டெப்போவுக்கே ஓடி வந்துட்ட? மூச்சு வாங்குது பாரு. உட்காரு, கிம்பாப் சாப்பிடு. அடுத்த டிரிப்புக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

—குடிங்கறேன்ல! உன் சர்க்கரை விழுந்துட்டே இருக்கு. போன்ல பார்த்தேன். கிளம்பறப்ப அறுபத்தஞ்சு, இப்ப ஐம்பத்தெட்டு. கை நடுங்கலையா உனக்கு? வேர்க்கலையா?

—எனக்கா? ஜம்முனு இருக்கேன், ஆய்வாளரம்மா. உன் மெஷின்தான் மப்புல இருக்கு.

—சட்டையைக் கழட்டு. தோள்ல நான் ஒட்டிவிட்ட பிளாஸ்திரியைப் பார்க்கணும்.

—இத்தனை டிரைவருங்க நடுவுலயா? நல்லா இருக்கே.

—பியோங்-ஹோ அண்ணே, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. எங்க அது?

—திட்டாத. அம்மாவுக்கு ஒட்டிட்டேன்.

—என்னது?

—மூணு நாளாச்சு. தினம் நாலு ஊசி. வயித்துல குத்தறதுக்கு இனி இடமே இல்லைடான்னு அழுதாங்க. பிளாஸ்திரியில இருக்கற உன் ஜெல் தானாவே சர்க்கரையைப் பார்க்குது, தானாவே மருந்து விடுது. எனக்குப் பழைய ஊசியே போதும்னு விட்டுட்டேன். அம்மாவையும் சேர்த்துக்கோன்னு எத்தனை தடவை உன்கிட்ட கெஞ்சினேன்?

—எழுபது தாண்டினவங்க இந்தச் சோதனையில வேண்டாம்னு சும்மாவா எழுதினேன்? அந்த ஜெல்லுக்குள்ள இருக்கற இன்சுலின், உன் தொண்ணூறு கிலோ உடம்புக்கு அளந்தது. சர்க்கரை கொஞ்சம் ஏறினாலே அத்தனையும் உள்ள விடும். அம்மா நாற்பத்திரண்டு கிலோண்ணே!

—மூணு நாளா நல்லாத்தானே இருந்தாங்க... போன்லயே நிறுத்திடேன்.

—அப்பவே நிறுத்திட்டேன். உள்ள இறங்கினதை எப்படி வெளிய எடுக்கறது? நீ 119க்கு அடி. நான் அம்மாவைக் கூப்பிடறேன்.

—ஹலோ, 119ங்களா? ஆம்புலன்ஸ் வேணும். தேஜான், யூசொங், முன்னூத்தி ரெண்டாம் கட்டடம், ஏழாம் மாடி. எங்கம்மா... சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சு. சீக்கிரம் வாங்க... வர்றாங்களாம், மிரான். எட்டு நிமிஷமாம். அம்மா எடுத்தாங்களா?

—எடுங்க, எடுங்க... அம்மா! ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அண்ணனும் பக்கத்துல இருக்கான். தலை சுத்துதா? உடனே சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் குடிங்க!

—ஏண்டி இப்படிக் கத்தறே? எனக்கென்ன கேடு? நின்னு கஞ்சி கிண்டிட்டு இருக்கேன்.

—பிளாஸ்திரி தோள்லதானே இருக்கு?

—அதையா கேக்கறே? காலையில நீ சேவோனை விட்டுட்டுப் போனியே, அப்ப இருந்தே உன் பொண்ணுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. ஜுரத்துக்கு ஒட்டற ஜெல்லு வீட்டுல தீர்ந்து போச்சு. இதுவும் சில்லுனுதானே இருக்குன்னு கழட்டி அவ நெத்தியில ஒட்டிட்டேன். ஜுரத்துக்கு நல்லா கேக்குதுடி. கஞ்சிக்கு உலுக்கி எழுப்பினாக்கூட கண்ணைத் திறக்காம அசந்து தூங்கறா.